எக்ஸைஸ் வரி விற்பவரின் டர்ன்ஓவரில் சேருமா? பெட்ரோல் பங்க் கேள்வியில் தொடங்கிய விவாதம்

9 ஜூன் 2025 – கருங்கல்லில் இருந்து கேள்வி

அப்பா பெயரில் ஒரு சின்ன பெட்ரோல் பங்க் இருக்கிறது. இப்போது கணக்கு பார்ப்பது நான். ஜிஎஸ்டி பதிவு எடுக்கவில்லை. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. இன்ஜின் ஆயில், கூலன்ட் எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு ஆறேழு லட்சம் விற்கும். பதிவு வரம்போ 40 லட்சம். தெரிந்தவர் ஒருவர், பெட்ரோல் விற்ற முழுத் தொகையும் உங்கள் டர்ன்ஓவர்தான் (விற்றுமுதல்) என்கிறார். ஒரு லிட்டர் விலையில் எக்ஸைஸும் (மத்திய உற்பத்தி வரி) வாட்டும் (மாநில விற்பனை வரி) எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். அது அரசாங்கத்துப் பணம். எங்களுக்கு மிஞ்சுவது கமிஷன். எக்ஸைஸைக் கழித்துவிட்டுத்தான் டர்ன்ஓவர் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

9 ஜூன் 2025, இரவு

சேரும் தம்பி. எக்ஸைஸும் சேரும், வாட்டும் சேரும். பங்கில் லிட்டருக்கு என்ன விலை வாங்குகிறீர்களோ, அந்த முழு விலையும்தான் உங்கள் விற்பனை.

முதலில் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் எக்ஸைஸ் கட்டுகிறவரே இல்லை. எக்ஸைஸ் என்பது சரக்கு உற்பத்தியாவதன் மேல் விழுகிற வரி. சுத்திகரிப்பு ஆலையை விட்டுச் சரக்கு வெளியே போகும்போது அதைக் கட்டுவது எண்ணெய்க் கம்பெனி. உங்களுக்கு லோடு வரும்போது அந்த வரி கம்பெனி கேட்கும் விலைக்குள் கரைந்திருக்கும். உங்கள் கணக்கில் அது கொள்முதல் விலை. கொள்முதல் விலையைக் கழித்து டர்ன்ஓவர் சொல்வது என்றால் எந்தக் கடைக்காரருக்கும் லாபம் மட்டும்தான் டர்ன்ஓவர் ஆகும்.

கமிஷன் என்று நீங்கள் சொல்வதும் பேச்சு வழக்குதான். பங்க் டீலர் சரக்கைத் தன் பணம் கொடுத்து வாங்கி, தன் பெயரில் பில் போட்டு விற்கிறார். ஏஜென்டாக இருந்தால் வேறு கதை.

10 ஜூன் 2025

கேள்வி கேட்ட தம்பி திரும்பக் கேட்டிருக்கிறார்: சட்டத்தில் எங்கே இருக்கிறது?

மத்திய ஜிஎஸ்டி சட்டம் 2017, பிரிவு 2(6). மொத்த விற்றுமுதலில் எவையெல்லாம் சேரும் என்று அங்கே எழுதியிருக்கிறது. வரியுள்ள விற்பனை, வரிவிலக்குள்ள விற்பனை, ஏற்றுமதி, வெளிமாநில விற்பனை எல்லாம் ஒரே பான் எண்ணின் கீழ் சேரும். கழிப்பதற்கு அனுமதித்திருப்பது மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி, யூனியன் பிரதேச வரி, ஐஜிஎஸ்டி, இழப்பீட்டு செஸ் இவற்றை மட்டும். எக்ஸைஸ் அந்தப் பட்டியலில் இல்லை, பெட்ரோல் மேல் மாநிலம் போடும் வாட்டும் இல்லை. ஜிஎஸ்டியே இல்லாத பொருளும் பிரிவு 2(47)-இன்படி வரிவிலக்குள்ள விற்பனைக்குள் வந்துவிடும். அதனால் பெட்ரோலும் டீசலும் உள்ளே.

இனி ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 8 முதல் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் மத்திய எக்ஸைஸ் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியது. பெட்ரோலுக்கு 19.90 இருந்தது 21.90 ஆனது, டீசலுக்கு 15.80 இருந்தது 17.80 ஆனது. பங்கில் விலை ஏறவில்லை. எக்ஸைஸைக் கழித்துத்தான் டர்ன்ஓவர் என்று வைத்தால், ஒரு லிட்டர்கூடக் குறையாமல், ஒரு வாடிக்கையாளர்கூட வேறு பங்குக்குப் போகாமல், அன்றைக்கு ராத்திரியோடு உங்கள் வியாபாரம் சுருங்கிவிட்டது என்று எழுத வேண்டிவரும். பெட்டியில் விழுந்த பணம் அதேதான்.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. பெட்ரோல், டீசல் மட்டுமே விற்கிற பங்குக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், பல கோடிக்கு விற்றாலும் வேண்டாம். பிரிவு 23 அதற்கு வழி விடுகிறது. ஆனால் ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் விற்றாலும் அந்த வழி அடைந்துபோகும். அப்புறம் 40 லட்சம் எதை வைத்து என்றால், எல்லாவற்றையும் வைத்துத்தான். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு எரிபொருள் விற்கும் பங்க் ஒன்றரை மாதத்துக்குள் வரம்பைத் தாண்டிவிடும்.

11 ஜூன் 2025

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குலசேகரம் பக்கம் ரப்பர் சரக்கு செய்கிற ஒரு சின்ன ஃபாக்டரியில் பல வருஷம் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். அங்கே இந்தக் கேள்வி பில் புத்தகத்திலேயே இருந்தது.

2005-இல் கொல்லத்துக்குப் போன ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு விலை 1,00,000. அதன் மேல் எக்ஸைஸ் 16 சதவீதம், 16,000. அந்த 16,000-இன் மேல் கல்வி செஸ் 2 சதவீதம், 320. ஆக 1,16,320. இதன் மேல்தான், வெளிமாநில விற்பனைக்கான மத்திய விற்பனை வரி. வாங்குபவர் தரும் சி ஃபாரம் என்ற சான்றுப் படிவம் இருந்தால் 4 சதவீதம். 4,652 ரூபாய் 80 காசு. பில் தொகை 1,20,972.80. விற்பனை வரியை வெறும் ஒரு லட்சத்தின் மேல் போட்டிருந்தால் 4,000-தான். வித்தியாசம் 652.80. ஒரு பில்லில் இது சின்னத் தொகை. மாதம் முழுக்க லோடு போகும்போது அது ஒரு ஆளின் சம்பளம்.

முதலாளி ஒரு யோசனை செய்தார். பில்லில் சரக்கு விலையும் அதன் மேல் 4 சதவீதமும் மட்டும் போடுவது. எக்ஸைஸைத் தனியாக ஒரு டெபிட் நோட்டில் (பில்லுக்கு வெளியே பணம் கேட்கும் சீட்டு) கேட்டு வாங்குவது. டெபிட் நோட் விற்பனை ஆகாது, வரியைத் திரும்ப வாங்குவது மட்டும்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். டெபிட் நோட்டுகளைத் தைத்து வைக்கும் ஃபைல் என் மேஜை இழுப்பறையில் இருந்தது.

விற்பனை வரி அசெஸ்மென்ட் (கணக்குச் சரிபார்ப்பு) வந்தபோது அதிகாரி அந்த ஃபைலைக் கேட்கவே இல்லை. எக்ஸைஸ் கட்டிய பிஎல்ஏ பதிவேட்டை வாங்கி, தேதி தேதியாக விற்பனைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: இந்த டெபிட் நோட்டுக்குப் பணம் தரமாட்டேன் என்று பார்ட்டி சொன்னால் சரக்கைக் கொடுத்திருப்பீர்களா? முதலாளியிடம் பதில் இல்லை. முழுத் தொகையும் டர்ன்ஓவரில் ஏறியது, வித்தியாச வரியும் அபராதமும் கட்டினார். அந்த வருஷம் எங்களுக்குப் போனஸ் இல்லை.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. மத்திய விற்பனை வரிச் சட்டம் விற்பனை விலை என்று சொல்வது, சரக்குக்காக வாங்குபவர் விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய தொகை முழுவதையும். தனியாகக் காட்டிய வண்டி வாடகையையும் பொருத்தித் தருகிற கூலியையும் வெளியே விடுகிறது, வழக்கமான ரொக்கத் தள்ளுபடியைக் கழிக்க விடுகிறது. எக்ஸைஸை வெளியே விடவில்லை.

11 ஜூன் 2025, பிறகு சேர்த்தது

மேலே எழுதியதில் ஒரு பக்கம் விட்டுப்போனது. எக்ஸைஸ் சட்டத்தில் இது தலைகீழ். 1944-ஆம் வருஷத்து மத்திய எக்ஸைஸ் சட்டம், பிரிவு 4-இன்படி வரி போடும் மதிப்பில் எக்ஸைஸும் விற்பனை வரியும் சேராது. அதனால் எங்கள் ஃபாக்டரிக்கு ஒரே வருஷத்தில் இரண்டு கணக்கு. சிறுதொழில் எக்ஸைஸ் விலக்கு வரம்பு அப்போது 1 கோடி, 2007-இல் 1.5 கோடி ஆனது. அந்த வரம்புக்குப் பார்த்தது வரி சேர்க்காத மதிப்பு. விற்பனை வரி ரிட்டர்னில் காட்டியது எக்ஸைஸ் சேர்த்த மதிப்பு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் கேட்பார். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் ஒத்திசைவுத் தாள் ஒன்று தயாராக வைத்திருப்பேன்.

13 ஜூன் 2025

நாகர்கோவிலில் இருந்து வக்கீல் படிப்பு படிக்கிற ஒருவர் எழுதியிருக்கிறார்: உச்ச நீதிமன்றமே எக்ஸைஸ் டர்ன்ஓவரில் சேராது என்று சொல்லியிருக்கிறது, மெக்டொவல் வழக்கு, 1977 தீர்ப்புத் தொகுப்பில் பாருங்கள்.

பார்த்திருக்கிறேன். அவர் சொல்வது பாதி வழி. மீதி வழியையும் போனால்தான் விஷயம் புரியும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

மெக்டொவலுக்கு ஹைதராபாத்தில் மதுபான ஆலை. ஆந்திராவில் அப்போது இருந்த நடைமுறை இது: சரக்கு வாங்க வருபவரே எக்ஸைஸை நேராகக் கருவூலத்தில் கட்டி, ரசீதைக் காட்டி பாஸ் வாங்குவார், பாஸைக் காட்டினால் ஆலை சரக்கை வெளியே விடும். ஆலையின் பில்லில் எக்ஸைஸ் வராது, ஆலையின் கல்லாவுக்கும் அந்தப் பணம் வராது. விற்பனை வரித் துறை அந்த எக்ஸைஸையும் ஆலையின் டர்ன்ஓவரில் சேர்த்தது. முதல் தடவை உச்ச நீதிமன்றம் ஆலைக்குச் சாதகமாகச் சொன்னது. அந்த மாநிலத்து டிஸ்டிலரி விதிகளைப் படித்துப் பார்த்து, வாங்குபவர் மேலேயே வரி கட்டும் பொறுப்பு இருக்கிறது, ஆகவே அது விற்பவரின் விற்றுமுதல் இல்லை என்றது.

இங்கேதான் நிற்க வேண்டும். நீதிமன்றம் பார்த்தது விதியை. எக்ஸைஸ் என்றாலே டர்ன்ஓவருக்கு வெளியே என்று எங்கேயும் சொல்லவில்லை.

1981-இல் ஆந்திர அரசு அந்த விதிகளை, 76-ஐயும் 79-ஐயும், திருத்தியது. வரி கட்டும் பொறுப்பு ஆலைக்கு வந்தது. வாங்குபவர் பழையபடியே நேராகக் கருவூலத்தில் கட்டிக்கொண்டிருந்தார். வழக்கு மறுபடி மேலே போனது. 1985 ஏப்ரல் 17 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. எக்ஸைஸ் உற்பத்தியின் மேல் வரும் வரி, முதல் பொறுப்பு உற்பத்தியாளருடையது; வாங்குபவர் கட்டினாலும் அது உற்பத்தியாளர் கட்ட வேண்டியதை அவருக்காகக் கட்டியது; ஆகவே சரக்குக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி; டர்ன்ஓவரில் சேரும். ரங்கநாத் மிஸ்ரா எழுதிய பிரதானத் தீர்ப்பு அது.

பணம் போன பாதை இரண்டு தடவையும் ஒன்றுதான். மாறியது யார் மேல் கடன் என்பது மட்டும். அதனால் யாராவது என்னிடம் எக்ஸைஸ் சேருமா என்று கேட்டால், பில்லைக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு முன்னால் கட்டும் பொறுப்பு யாருடையது என்று கேட்பேன்.

13 ஜூன் 2025, ராத்திரி

மெக்டொவல் என்றால் வரி தவிர்ப்பு வழக்குதானே, ஆடிட்டர் எல்லாம் அதற்குத்தான் மேற்கோள் காட்டுவார்கள் என்று மார்த்தாண்டத்துக்காரர் கேட்கிறார். ஆமாம், அதே வழக்குதான். நீதிபதி சின்னப்ப ரெட்டி தனியாக எழுதிய தீர்ப்பில் வரியைத் தவிர்க்கச் செய்யும் ஏற்பாடுகளைப் பற்றிக் கடுமையாக எழுதினார். நாடு முழுக்க அதுதான் பிரபலமானது. ஆனால் வழக்கு எக்ஸைஸ் டர்ன்ஓவரில் சேருமா என்பதைப் பற்றியது. அடிப்படைக் கேள்வி மறந்துபோய், கூட வந்த பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் கணக்கு எழுதுகிறவனுக்கு அன்றாடம் உதவுவது முதல் பகுதி.

16 ஜூன் 2025

தோவாளையில் இருந்து ஒரு வியாபாரி: அப்படியானால் வாங்குபவரிடம் வாங்குகிற ஒவ்வொரு பைசாவும் டர்ன்ஓவரா? சந்தைக் கட்டணம் எல்லாம் நாங்கள் வசூலித்துக் கொடுக்கிறோமே?

இல்லை. இதற்கு 1980-இல் வந்த ஆனந்த் ஸ்வரூப் மகேஷ் குமார் வழக்கைப் பாருங்கள். உத்தரப்பிரதேசத்து மண்டி கட்டணம். கமிஷன் ஏஜென்ட் அதை வாங்குபவரிடம் வசூலித்து மார்க்கெட் கமிட்டிக்குக் கட்டுவார். வாங்குபவரிடம் இருந்து வசூலிக்கச் சட்டமே அவருக்கு உரிமை கொடுத்திருந்தது. அதனால் அது டர்ன்ஓவரில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரவர் ஊர்ச் சட்டத்தில் அந்த வரி எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். உத்தரப்பிரதேசத் தீர்ப்பைக் காட்டித் தோவாளைப் பூவுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்குப் பழைய கதை இருக்கிறது. வாங்குபவரிடம் வசூலித்த விற்பனை வரியே டர்ன்ஓவரில் சேருமா என்று சென்னை கார் டீலர் ஜார்ஜ் ஓக்ஸ் கம்பெனி கேட்டது. சேரும் என்று சொல்ல மதராஸ் அரசு 1954-இல் தனிச் சட்டமே போட்டிருந்தது. 1961-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

19 ஜூன் 2025

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், ஆக எல்லா இடத்திலும் எக்ஸைஸ் உள்ளே, விஷயம் முடிந்தது என்று எழுதியிருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பேசியது விற்பனை வரி, ஜிஎஸ்டி பதிவு வரம்பு இவற்றைப் பற்றி. வருமான வரிக்குப் போனால் காற்று வேறு பக்கம் அடிக்கிறது.

கோயம்புத்தூர் லக்ஷ்மி மெஷின் வொர்க்ஸ் வழக்கு, 2007. ஏற்றுமதி லாபத்துக்கு அப்போது கழிவு தந்த 80எச்எச்சி பிரிவு. ஏற்றுமதி விற்பனையை மொத்த விற்பனையால் வகுத்து, லாபத்தோடு பெருக்க வேண்டும். மொத்த விற்பனையில் எக்ஸைஸையும் விற்பனை வரியையும் சேர்த்தால் வகுக்கும் எண் பெரிதாகி, ஏற்றுமதி செய்தவருக்குக் கிடைக்கும் கழிவு குறையும். ஏற்றுமதிச் சரக்கில் அந்த வரிகள் வருவதும் இல்லை. எக்ஸைஸில் லாபம் என்று ஒன்று இல்லை, அதனால் இந்தச் சூத்திரத்தில் அது மொத்த விற்பனையில் சேராது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டு தீர்ப்பும் முரண் இல்லை. ஒன்று வாங்குபவர் கொடுத்த விலை என்ன என்று கேட்கிறது. மற்றது லாபத்தில் ஏற்றுமதியின் பங்கு என்ன என்று கேட்கிறது. கேள்வி வேறு, ஆகவே பதில் வேறு. ஆனாலும் நான் முதல் நாள் எழுதியதை இப்படி நீட்டிக்கொள்கிறேன்: டர்ன்ஓவரில் சேருமா என்று யாரும் பொதுவாகக் கேட்க வேண்டாம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுக்கு என்று சேர்த்துக் கேளுங்கள்.

வருமான வரியில் இன்னொரு இடமும் உண்டு. 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம், பிரிவு 145ஏ: விற்பனை, கொள்முதல், கையிருப்பு மூன்றையும் வரி சேர்த்தே மதிப்பிட வேண்டும். கருங்கல் தம்பிக்கு அதைவிடக் கவனிக்க வேண்டியது அதே சட்டத்தின் 44ஏபி. டர்ன்ஓவர் 1 கோடியைத் தாண்டினால் ஆடிட். ரொக்க வரவும் ரொக்கச் செலவும் தனித்தனியாக 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி வரை விடுகிறார்கள். பங்கில் ரொக்கம் 5 சதவீதத்துக்குள் நிற்குமா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும். யுபிஐ வந்த பிறகும் ஆட்டோக்காரர்கள் ரொக்கமாகத்தான் நீட்டுகிறார்கள்.

24 ஜூன் 2025

தம்பி அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார். பதிவு எடுத்தால் ஆடிட்டர் ஃபீஸ் மேல் கட்டுகிற ஜிஎஸ்டியை இன்புட்டாக, அதாவது நான் கட்ட வேண்டிய வரியில் கழிவாக, எடுக்கலாமா?

ஆயில் விற்பனைக்குரிய பகுதியை மட்டும் எடுக்கலாம். பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் பொதுவான செலவு என்றால் விதி 42-இன்படி பிரிக்க வேண்டும். இதில்தான் எக்ஸைஸ் திரும்ப வருகிறது, இந்தத் தடவை வெளியே நிற்கிறது! விலக்குள்ள விற்பனையின் மதிப்பு, மொத்த விற்பனை இரண்டையும் எடுக்கும்போது அரசியல் சாசன ஏழாவது அட்டவணையின் மத்தியப் பட்டியல் 84, 92ஏ, மாநிலப் பட்டியல் 51, 54 ஆகிய இனங்களில் வரும் வரிகளைக் கழிக்க வேண்டும் என்று விதியின் விளக்கம் சொல்கிறது. 84 மத்திய எக்ஸைஸ், 54 பெட்ரோல் மேல் மாநிலம் போடும் விற்பனை வரி. ஆக அதே பெட்ரோலுக்கு, அதே மாதத்தில், பதிவு வரம்புக்கு முழு விலை, இன்புட் பிரிப்பதற்கு வரி நீக்கிய விலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. மாத எரிபொருள் விற்பனை 1 கோடி, அதில் எக்ஸைஸும் வாட்டும் 40 லட்சம். ஆயில் விற்பனை 1 லட்சம். ஆடிட்டர் ஃபீஸ் 20,000, அதன் மேல் 18 சதவீதம் 3,600. வரி நீக்கிப் பார்த்தால் 60 லட்சத்தை 61 லட்சத்தால் வகுக்க வேண்டும். அந்த 3,600-இல் எடுக்காமல் திருப்ப வேண்டியது 3,541. வரியோடு பார்த்தால் 100-ஐ 101-ஆல்; 3,564. வித்தியாசம் 23 ரூபாய். எப்படிப் போட்டாலும் கையில் நிற்பது அறுபது ரூபாய்க்குக் கீழே. சின்ன பங்குகளுக்கு அந்த இன்புட்டைத் தொடாமல் விடுவதே நிம்மதி என்பேன். லாரி நிற்கிற பெரிய பங்குகளில், ஆயில் விற்பனை கூடுதலாக இருந்தால், பிரித்து எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

25 ஜூன் 2025

காம்போசிஷன் (சிறு வியாபாரிகள் டர்ன்ஓவரில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் திட்டம்) எடுத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்டவருக்கு: முடியாது. ஜிஎஸ்டி இல்லாத சரக்கு விற்பவருக்கு அந்தத் திட்டம் கிடையாது. பிரிவு 10(2).

2 ஜூலை 2025

ரப்பர் செஸ் டர்ன்ஓவரில் சேருமா என்று குலசேகரத்துக்காரர் ஒருவர் அதையும் இழுத்துவந்திருக்கிறார். அது என் பழைய வீடு, பேசாமல் இருக்க முடியாது. இங்கே மழை விட்டபாடில்லை, மழைமறை போடாத தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டும் இல்லை, பேச நேரமும் இருக்கிறது.

செஸ் என்று நாம் சொன்னாலும் 1947-ஆம் வருஷத்து ரப்பர் சட்டம், பிரிவு 12-இன்படி அது எக்ஸைஸ் வரிதான். இந்தியாவில் விளையும் ரப்பர் மேல் போட்டது. நடைமுறையில் ரப்பர் வாரியம் அதைத் தோட்டக்காரரிடம் கேட்கவில்லை. ரப்பரை வாங்கிப் பயன்படுத்துகிற தயாரிப்பாளரிடம் வசூலித்தது. ரப்பர் ஷீட்டு வாங்கி விற்கும் இடைக்கடைக்காரர் அதைக் கட்டியதும் இல்லை, பில்லில் கேட்டதும் இல்லை. ஆகவே அவருடைய டர்ன்ஓவரில் அது சேர்கிறதா என்ற கேள்வி எழவே இல்லை. ஜூன் 13-ஆம் தேதி மெக்டொவல் பற்றி எழுதியதோடு வைத்துப் பாருங்கள்: கட்டும் பொறுப்பு வாங்கிப் பயன்படுத்துபவர் மேல், விற்பவருக்குக் கொடுக்கும் விலைக்குள் அது இல்லை.

ஆனால் எங்கள் ஃபாக்டரி மாதிரி இடத்தில் அது செலவுக் கணக்கில் ஏறி, செய்த சரக்கின் விலைக்குள் போய்விடும். செய்த சரக்கை விற்கும்போது அதை யாரும் செஸ் என்று பிரித்துக் கழித்ததில்லை. ஜிஎஸ்டிக்கு வழிவிட்டு 2017-இல் அந்த செஸ் போய்விட்டது. பீடித் தொழிலாளர் நல செஸ்ஸும் அதே சட்டத் திருத்தத்தில் போனது.

வடசேரியில் கடை வைத்திருப்பவர் சிகரெட்டைப் பற்றிக் கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகையிலைப் பொருளுக்கு ஜிஎஸ்டியும் உண்டு, மத்திய எக்ஸைஸும் இன்னும் உண்டு. பிரிவு 15(2)-இன்படி ஜிஎஸ்டி அல்லாத வரிகளை விற்பவர் தனியாகக் கேட்டாலும் சரக்கின் மதிப்பில் சேர்த்து, அதன் மேல்தான் ஜிஎஸ்டி போட வேண்டும். உங்கள் கடைக்கு வரும்போது எக்ஸைஸ் விலைக்குள் இருக்கிறது. உங்கள் டர்ன்ஓவரில் ஜிஎஸ்டியையும், இழப்பீட்டு செஸ் இருந்த காலத்துக்கு அதையும் மட்டும் கழியுங்கள்.

5 ஜூலை 2025

முந்திரி ஃபாக்டரிக் கணக்கர் ஒருவருக்குச் சுருக்கமாக: விவசாயியிடம் தோட்டண்டி (உடைக்காத முந்திரிக்கொட்டை) வாங்கினால் ஜிஎஸ்டி கட்டுவது நீங்கள், ரிவர்ஸ் சார்ஜ். வரி நீங்கள் கட்டினாலும் அந்தக் கொள்முதல் உங்கள் மொத்த விற்றுமுதலில் சேராது. பிரிவு 2(6)-இலேயே வெளியே வைத்திருக்கிறார்கள். பருப்பு விற்பனை சேரும்.

11 ஜூலை 2025

கருங்கல் தம்பி பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. சில விஷயங்களை அவர் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

எரிபொருளும் சேர்த்து டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டினால் இரண்டு வேலை கூடும். வருஷக் கணக்கோடு ஜிஎஸ்டிஆர்-9சி ஒத்திசைவு அறிக்கை. அப்புறம் 2023 ஆகஸ்ட் 1 முதல், ஜிஎஸ்டி எண் உள்ள ஒருவருக்கு ஆயில் விற்றால் இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்த பில்). பஸ் வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு பக்கெட் இன்ஜின் ஆயில் கொடுத்தாலும் இது பொருந்தும். ஆறு லட்சத்துக்கு ஆயில் விற்கும் மனிதருக்கு இது பெரிய சுமை. எக்ஸைஸும் வாட்டும் சேர்ந்த எண்ணை வைத்து அவரைப் பெரிய வியாபாரி என்று எடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விதி 42-இல் அந்த வரிகளைக் கழிக்க மனம் வந்தவர்கள் பிரிவு 2(6)-இலும் அதே விளக்கத்தைச் சேர்க்கலாம். டீலர் சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கை அது. மாறும்வரை சட்டத்தில் உள்ளபடிதான் நடக்க வேண்டும்.

வரம்பைத் தாண்டி 30 நாளுக்குள் விண்ணப்பித்திருந்தால் பதிவு, தாண்டிய நாளில் இருந்தே செல்லும். அவருக்கு அந்த நாள் எப்போதோ போய்விட்டது. இனி பதிவு, கொடுக்கும் நாளில் இருந்துதான். இடையில் விற்ற ஆயிலுக்கு வரி கேட்டால் கையில் இருந்துதான் போகும், ஏனென்றால் யாரிடமும் தனியாக வசூலிக்கவில்லை. எம்ஆர்பிக்கு விற்றதால் அந்த விலைக்குள்ளேயே வரி இருப்பதாக எடுத்து, 118-இல் 18 என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள் என்று உங்கள் ஆடிட்டர் வாதாட வேண்டும். 18 சதவீதத்தை மேலே வைத்துக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஸ்டாக். 30 நாளுக்குள் விண்ணப்பிக்காதவருக்குக் கையிருப்பின் மேல் இன்புட் கேட்கும் பிரிவு 18(1)(ஏ) சலுகை கிடைக்காது. அதற்காக ஐடிசி-01 படிவம் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். பதிவு கிடைக்கும்வரை புதிய ஆயில் ஆர்டர் போடாமல், ராக்கில் இருக்கிற கேன்களை முதலில் விற்றுத் தீருங்கள். பதிவு எண் வந்த பிறகு வரும் லோடுக்கு அந்த எண்ணைக் கொடுத்து பில் வாங்குங்கள். அந்த பில்லில் இருந்து இன்புட் முழுதாகக் கிடைக்கும்.